பழகிய மண்: மால்ட், கால்டுவெல் குடும்பத்தாரின் தமிழ் வாழ்வு

பழகுதல் என்னும் நம் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வெயிலுக்குப் பழகுகிறோம், உப்பு நீருக்குப் பழகுகிறோம், புதிய ஊரின் உறக்கமற்ற இரவுகளுக்கும் பழகுகிறோம். அங்கே பழகுதல் என்பது உடலும் மனமும் தம் மறுப்பைச் சிறிது சிறிதாகக் கைவிடுவது. மனிதரோடும் பழகுகிறோம். அங்கே பழகுதல் என்பது உறவாடுவது. முதற்பொருளில் பழகுவதற்குக் காலம் போதும். இரண்டாம் பொருளில் பழகுவதற்குக் காலம் மட்டும் போதாது. மொழி வேண்டும், எதிரில் நிற்பவரைத் தமக்கு நிகராக மதிக்கும் மனமும் வேண்டும்.

அயல்நாட்டிலிருந்து நம் மண்ணுக்கு வந்த மறைப்பணியாளர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல. அவர்கள் இயற்றிய இலக்கணங்கள், தொகுத்த அகராதிகள், பெயர்த்த நூல்கள் ஆகியவை குறித்து நம் புலவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அந்நூல்கள் எழுதப்பட்ட வீடுகளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அந்த வீடுகளில் பெண்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள், சமையல் நடந்தது, காய்ச்சல் வந்தது, கடிதத்திற்காகக் காத்திருந்தார்கள். ஒரு குடும்பம் அயல்மண்ணில் எப்படிப் பழகிற்று என்பதை அறியாமல், அந்த வீட்டிலிருந்து வெளிவந்த நூலையும் நாம் முழுமையாக அறிந்துவிட இயலாது. நாகர்கோவிலில் வேரூன்றி இடையன்குடியில் கிளைத்த ஒரு குடும்பத்தின் கதையை இந்த நோக்கிலேயே இங்கு எடுத்துக்கொள்கிறேன். மார்த்தா மால்ட் என்ற தாய், எலிசா என்ற மகள், மகளை மணந்த இராபர்ட் கால்டுவெல் ஆகிய மூவரே இதன் மாந்தர்கள்.

தனி மனிதரும் குடும்பமும்

தென் திருவிதாங்கூருக்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் முதற்பணியாளராக வந்தவர் ரிங்கல்தௌபே. பிரஷ்யநாட்டவரான இவர் 1806-இல் அப்பகுதிக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. இவர் மணமாகாதவர்; தம் வசதியைப் பற்றிச் சிறிதும் எண்ணாதவர். 1816-இல் உடல்நலம் குன்றி, வந்தபடியே தனியாகப் புறப்பட்டுப் போனார். தனி மனிதர் எந்த நேரத்திலும் வரலாம், எந்த நேரத்திலும் போகலாம். அவருக்கு ஒரு குடிசை போதும். குடும்பத்தின் நிலை அதுவன்று. குடும்பம் வந்தால் கிணறு வேண்டும், சமையற்கட்டு வேண்டும், பேறுகாலத்திற்குத் துணை வேண்டும், அண்டை வீடு வேண்டும். குடும்பத்தின் தேவைகளே அதனை ஊரோடு பிணைத்துவிடும்.

ரிங்கல்தௌபேயை அடுத்து 1818-இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்தார். திருவிதாங்கூரை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் அரசி கௌரி பார்வதி பாய். அரசியும், ஆங்கில அரசின் பிரதிநிதியாயிருந்த கர்னல் மன்றோவும் அவருக்கு ஆதரவு நல்கினர். தங்குவதற்கு ஒரு பங்களா கிடைத்தது. கல்விக்கூடத்தின் செலவுக்கென நெல்வயல்கள் வாங்க அரசி 5,000 ரூபாய் அளித்தார். 1819-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் அங்கு வந்து சேர்ந்தனர். இன்று குமரி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்த தமிழ் ஊர். ஆட்சி ஒரு மொழியிலும் தெருவின் பேச்சு வேறொரு மொழியிலும் நடந்த நிலம் அது. அந்நிலம் தமிழகத்தோடு இணைய 1956 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊசியும் நூலும்

மார்த்தா மால்ட் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த செல்வம் ஒன்று உண்டு, அது கைத்தொழில். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கோல்களை மாற்றி மாற்றி வீசிப் பின்னும் நுண்ணிய வேலை அது. போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த 'ரேந்தை' என்ற பெயரால் தென்பாண்டியிலும் நாஞ்சில் நாட்டிலும் அதனை அழைப்பர். 1820-களின் தொடக்கத்தில் தம் பள்ளியில் தங்கிப் பயின்ற பெண்பிள்ளைகளுக்கு மார்த்தா இதனைக் கற்பித்தார்.

இதை ஓர் ஐரோப்பிய மாதின் பொழுதுபோக்கு என்று எண்ணி நாம் கடந்து சென்றுவிடலாகாது. திருவிதாங்கூரில் அக்காலத்தில் அடிமைமுறை நடைமுறையில் இருந்தது. அது சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1855-இல்தான். மார்த்தாவின் பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். ரேந்தை பின்னி ஈட்டிய காசைச் சேர்த்து, உடைமையாளர்களிடமிருந்து தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு என்பது அந்நாளைய பதிவு. உழைப்பின் பயன் இன்னொருவருக்கே உரியது என்றிருந்த வாழ்வில், தன் விரல்களின் வேலைக்குத் தன் கையிலேயே கூலி கிடைத்தது அவர்களுக்குப் புதிய அனுபவம்.

ஊசி இன்னொரு போராட்டத்திலும் பங்கு கொண்டது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிதலாகாது என்ற கொடிய வழக்கம் அந்நாட்டில் இருந்தது. மிஷனரி மனைவியர் தளர்வான ஒரு குப்பாயத்தை வடிவமைத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தனர். அதை அணிந்து சந்தைக்குச் சென்ற பெண்கள் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. 1829-இல் வெளிவந்த அரச ஆணை, குப்பாயம் அணிய இசைந்தாலும் உயர்சாதிப் பெண்களைப்போல் தோள்மேல் துணி இடுவதைத் தடுத்தது. மீண்டும் கலவரங்கள் நிகழ்ந்து, 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான ஆணை அத்தடையைத் தளர்த்தியது. இப்போரின் வெற்றி அடி வாங்கிய பெண்களுக்கே உரியது; தையல் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு சிறிதே. ஆயினும் ஓர் அயல்நாட்டுக் குடும்பம் ஊர்ப்பெண்களோடு எந்த இடத்தில் அமர்ந்து பழகிற்று என்பதை இது காட்டுகிறது. அது திண்ணையிலும் பள்ளியின் தாழ்வாரத்திலும் தரையில் அமர்ந்து நடந்த பழக்கம். தையல் சொல்லிக்கொடுப்பவர் கற்பவளின் விரலைத் தொட்டாக வேண்டும். தீண்டாமை கோலோச்சிய நாட்டில் அந்தத் தொடுகையே பெரிது.

இந்த வீட்டில், இந்த ஆண்டுகளில் வளர்ந்தவள்தான் எலிசா. பிறந்தது 1822-இல். பள்ளிப் பெண்பிள்ளைகளின் பேச்சும் வேலைக்காரர்களின் பேச்சும் தெருவின் பேச்சும் அவள் காதில் விழுந்தவை. தமிழ் அவளுக்குப் பாடமாக வரவில்லை, விளையாட்டோடு வந்தது. அவளுடைய பெற்றோர் பழகிக்கொள்ள வேண்டியிருந்த நாடு, அவளுக்குப் பழகிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாத நாடாயிற்று.

நடந்து வந்தவர்

இராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் உள்ள கிளாடி என்ற சிற்றூரில் ஸ்காத்லாந்துப் பெற்றோர்க்குப் பிறந்தார், கிளாஸ்கோவில் வளர்ந்தார். இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். பின்னர் மறைப்பணிக்கெனத் தம்மை ஒப்படைத்துக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் சொற்பொழிவுகள் ஒப்பியல் மொழிநூலில் அவருக்கு ஆர்வம் ஊட்டின. 'மேரி ஆன்' என்ற கப்பலில் புறப்பட்டு 1838 ஜனவரி 8-இல் சென்னைக் கரையில் இறங்கினார். அதே கப்பலில் தெலுங்குக்குப் பெருந்தொண்டாற்றிய சி. பி. பிரௌனும் பயணம் செய்தார் என்பது மொழிவரலாற்றில் ஓர் இனிய தற்செயல். சென்னையில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ அவருக்கு நண்பரானார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் கால்டுவெல் இலண்டன் சங்கத்தை விட்டு, ஆங்கிலத் திருச்சபையின் எஸ். பி. ஜி. சங்கத்தில் சேர்ந்தார். 1841-இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டபோது, பல்லக்கும் குதிரையும் வேண்டாமென்று கால்நடையாகவே சென்றார். மக்களையும் அவர்தம் நடைமுறைகளையும் அருகிருந்து அறிவதே நோக்கம். காவிரிக்கரை ஊர்களைக் கண்டு, நீலகிரிக்கு ஏறி, உதகையில் குருத்துவப் பணிக்கெனத் திருநிலைப்படுத்தப்பட்டு, கோவை, மதுரை வழியே திருநெல்வேலிச் சீமைக்கு இறங்கினார். அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். அந்த ஊரை மையமாகக் கொண்டே அவருடைய அடுத்த ஐம்பது ஆண்டு வாழ்வு அமைந்தது.

நடந்து வந்தவர் எத்தனையோ ஊர்களின் பேச்சைக் கேட்டிருப்பார். எனினும் அவர் தமிழைக் கற்றது இருபத்துமூன்று வயதுக்குப் பின், ஆசிரியரிடமிருந்தும் ஏட்டிலிருந்தும். காதால் கற்றவளின் தமிழும் கண்ணால் கற்றவரின் தமிழும் ஒரு வீட்டில் சேர்ந்தது 1844 மார்ச் 20-இல். அன்றுதான் எலிசா மால்ட்டுக்கும் கால்டுவெல்லுக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது இருபத்தொன்று, மணமகனுக்கு இருபத்தொன்பது.

தேரி நிலத்தில் ஒரு வீடு

இடையன்குடி உவரிக் கடற்கரைக்கு அண்மையில் உள்ள ஊர். அதைச் சூழ்ந்தது தேரி நிலம். குங்குமத்தைக் கொட்டிவைத்தாற்போன்ற செம்மணல் மேடுகள், அவற்றின்மேல் பனை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மழையைத் தராது. மணலைத் தூக்கிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டிய மழையும் சில ஆண்டுகளில் பொய்த்துப்போகும். பனையேறும் குடும்பங்கள் காலையும் மாலையும் மரமேறிப் பதநீர் இறக்கி, அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி வாழ்ந்தன. பனை பால் தராத மாதங்களில் வறுமையே அடுப்பில் எரிந்தது.

அயர்லாந்தின் ஈரமும் ஸ்காத்லாந்தின் குளிரும் அறிந்த கால்டுவெல்லுக்கு இந்த வெப்பமும் வறட்சியும் இறுதிவரை முழுமையாக ஒத்துவரவில்லை. உடல்நலம் அடிக்கடி குன்றியது. குற்றாலத்தின் சாரலையும் பின்னாளில் கோடைக்கானலின் குளிரையும் அவர் நாடினார். பழகுதலின் முதற்பொருளில் அவர் தோற்றார் என்றே சொல்லவேண்டும். அவர் ஒருவர் மட்டுமல்லர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிக் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் பேதிக்கும் தம்மவரைப் பறிகொடுத்த துயரத்தால்தான் 1845-இல் பழனிமலைமீது ஏறி இரண்டு வீடுகளைக் கட்டின. கோடைக்கானல் என்னும் மலைநகரின் தொடக்கம் அதுவே. இன்று மகிழ்வுலாவாக நாம் செல்லும் ஊர், புதைகுழிகளுக்கு அஞ்சிய குடும்பங்கள் தேடிய புகலிடம்.

உடலால் பழக முடியாத நிலத்தைக் கால்டுவெல் கையால் மாற்ற முற்பட்டார். ஓவியம் பயின்ற கண் அவருக்கு இருந்தது. மனம்போனபடி சிதறிக் கிடந்த குடிசைகளுக்கு மாற்றாக நேர்கோட்டுத் தெருக்களை வகுத்தார், கிணறுகள் வெட்டச் செய்தார், மரங்கள் நட்டார். 1847-இல் தூய திரித்துவ ஆலயத்திற்கு அடிக்கல் இடப்பட்டது. அதன் சன்னல் வேலைப்பாடுகளுக்குத் தாமே களிமண்ணில் மாதிரி செய்து கொத்தர்களிடம் கொடுத்தார். பணம் கிடைத்தபோது வேலை நடந்தது, கிடைக்காதபோது நின்றது. அடிக்கல் இட்டு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் 1880 ஜூலையில்தான் அவ்வாலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

எலிசா தம் பங்குக்குத் தாய்வீட்டுச் சீதனத்தைக் கொண்டுவந்தார், அது ரேந்தை. 1844-இலேயே பெண்பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளி இடையன்குடியில் தொடங்கப்பட்டது. எழுத்தும் தையலும் ரேந்தையும் அங்கு கற்பிக்கப்பட்டன. பனை வருவாய் இல்லாத மாதங்களில் பெண்கள் ஈட்டும் காசு ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பனங்காட்டு ஊர்களில் பிறந்தவர்கள் அறிவார்கள். நாகர்கோவிலில் மார்த்தா பின்னத் தொடங்கிய நூல், மகளின் கையால் இடையன்குடியில் தொடர்ந்தது. ஒரு கைத்தொழில் தாய்வழியாக ஊர்மாறிச் சென்ற வரலாறு இது.

வீட்டுத் தமிழ்

நம் வட்டத்துக் கவிஞர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுவே எனக் கருதுகிறேன். 1856-இல் இலண்டனில் 'திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்கென ஒரு குடும்பம் உடையவை என்பதை எல்லிஸ் 1816-இலேயே சொல்லியிருந்தார். அதனை வேர்ச்சொற்கள், வேற்றுமை உருபுகள், மூவிடப்பெயர்கள், எண்ணுப்பெயர்கள், வினையமைப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து விரிவாக நிலைநாட்டியவர் கால்டுவெல். இவை நாம் அறிந்தவை. அந்நூல் செந்தமிழோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் அவ்வளவாகக் கருதிப் பார்ப்பதில்லை. செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற பாகுபாட்டை அவர் எடுத்துக்கொண்டார். ஏட்டு வடிவத்தோடு பேச்சு வடிவத்தையும் வைத்து ஒப்பிட்டார். எழுத்திலக்கியம் இல்லாத தோடர், கோத்தர், கோண்டர் மொழிகளையும் குடும்பத்தில் சேர்த்தார். பேச்சுமொழியை இழிசினர் வழக்கு என்று ஒதுக்கிய புலமை மரபுக்கிடையே, மக்கள் வாய்ச்சொல்லையும் சான்றாக ஏற்ற செவி அது.

அச்செவியை யார் கூர்மைப்படுத்தினார்கள்? எந்தப் பேச்சு வடிவத்தை யார் சொன்னார் என்று நூல் குறிப்பதில்லை. ஆனால் அந்நூலுக்கான தரவுகள் சேர்ந்த ஆண்டுகளில் அவருடைய வீட்டில், குழந்தைப் பருவம் முதல் தமிழ் பேசிய ஒரு பெண் இருந்தார். நாஞ்சில் நாட்டார் 'அக்கானி' என்பதைத் திருநெல்வேலிப் பக்கத்தார் 'பதனீர்' என்பர். தோப்பும் நிலமும் சேர்ந்ததை 'விளை' என்பது இரு பக்கத்துக்கும் பொது. இவ்வேறுபாடும் ஒற்றுமையும் அகராதியைப் பார்த்துத் தெரிபவை அல்ல. கிணற்றடியிலும் அடுப்பங்கரையிலும் தெரிபவை. பேச்சுத் தமிழில் எலிசாவின் தேர்ச்சி அக்குடும்பத்தின் பணிக்குப் பெருந்துணையாக இருந்தது. ஊர்ப்பெண்களின் வீட்டுக்குள் ஐயர் போக முடியாது; அம்மாள் போகலாம். திருநெல்வேலிக் கிறித்தவர் மிஷனரியை 'ஐயர்' என்றே அழைத்தார்கள். அந்த அழைப்பில் மரியாதை இருந்தது. அதே அளவுக்குத் தொலைவும் இருந்தது.

கால்டுவெல் தம் வாழ்நாளில் 1854-க்குப் பின் சில முறை தாய்நாடு சென்று திரும்பினார். முதற்பயணத்தில் ஒப்பிலக்கணம் அச்சேறிற்று. 1875-இல் அதன் விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தது. நூல் அச்சானது இலண்டனில்; சொல் விளைந்தது தேரியில்.

பழகாத இடம்

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் இது வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும். 1849-இல், இடையன்குடிக்கு வந்து எட்டாண்டுகள் ஆகும் முன்பே, கால்டுவெல் 'திருநெல்வேலிச் சாணார்' என்ற சிறுநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தம்மோடு வாழ்ந்த, தம் ஆலயத்திற்குக் கல் சுமந்த மக்களின் தோற்றத்தையும் அறிவையும் பண்பையும் குறித்து அதில் அவர் எழுதியவை இழிவுபடுத்துவனவாக இருந்தன. மேல்நாட்டு நன்கொடையாளர்களுக்குப் பணியின் அருமையை உணர்த்த எழுதினார் என்று அமைதி கூறுவோர் உண்டு. எவருக்காக எழுதினார் என்பதால் எழுத்தின் காயம் ஆறிவிடாது. ஆங்கிலம் அறியாத மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது, அவர்களுடைய பிள்ளைகள் ஒருநாள் அம்மொழியைப் படிப்பார்கள் என்பதை அவர் எண்ணவில்லை. படிக்க வைத்ததும் அவர்களுடைய பள்ளிகளே.

பிள்ளைகள் படித்தார்கள், தந்தையர் கொதித்தார்கள். மிஷனரிகளோடு மாறுபட்டு, நாசரேத்துப் பகுதியில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் 1857-இல் ஐரோப்பியர் தலைமையை ஏற்காத தனித் திருச்சபை ஒன்றை நிறுவினார். அப்பிளவுக்குக் காரணங்கள் பல. இச்சிறுநூல் ஊட்டிய மனக்கசப்பு அதை வளர்த்தவற்றுள் ஒன்று. 1880-களில் அச்சமூகத்தைச் சேர்ந்த கற்றோர் மறுப்பு நூல்கள் எழுதினர், விண்ணப்பங்கள் விடுத்தனர். கால்டுவெல்லின் அச்சிறுநூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

மொழிகளுக்கிடையே உறவு கண்ட அதே மனம் மனிதரிடையே ஏணிப்படியை மட்டும் கண்டதேன் என்ற வினா எழுகிறது. வேர்ச்சொல்லை ஆராய்பவன் சொல் சொல்வதைக் கேட்கிறான். மக்களை ஆராய்பவன் அவர்கள் சொல்வதைக் கேளாமலே எழுதிவிட முடிகிறது. எட்டாண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தும் அவர் அங்கே பழகுதலின் இரண்டாம் பொருளை எட்டவில்லை. காலம் செல்லச் செல்ல அவர் மாறினார் என்பதற்கும் சான்றுகள் உண்டு. கொற்கையில் தோண்டிப் பழந்தமிழ் வணிகத்தின் தடங்களைத் தேடினார். 1881-இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதினார். தாது வருடப் பெரும்பஞ்சத்தில் துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டார். 1877-இல் ஆயர் பட்டம் பெற்ற பின்னும் அவருடைய நினைவு இடையன்குடியைச் சுற்றியே இருந்தது. ஆனால் எழுதியதை எழுதாததாக்க எவராலும் இயலாது. எழுத்தைத் தொழிலாகவோ தவமாகவோ கொண்ட நாம் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சில் இருத்தவேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. அது அவருடைய குற்றமன்று. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887-இல் வந்தது. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889-இல் வந்தது. புறநானூறு வந்தது 1894-இல். அதற்கு மூன்றாண்டு முன்பே கால்டுவெல் மறைந்துவிட்டார். தமிழின் தொன்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர், அத்தொன்மையின் தலைசிறந்த சான்றை அச்சில் காணாமலே போனார். தமிழிலக்கியத்தின் காலம் பற்றிய அவருடைய கணிப்புகள் பல, பின்னாளில் திருத்தப்பட வேண்டியிருந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எது அயல்நாடு?

அந்நாளில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்கள் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கல்விக்காகவும் உடல்நலத்துக்காகவும் தாய்நாட்டுக்கு அனுப்பிவைப்பது பெருவழக்கு. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கும் முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பல் பல மாதம் கடலில் இருக்கும். அனுப்பிய பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று தாய் அறிவதற்குள் ஒரு பருவமே மாறிவிடும். பணியிடத்தில் ஊரார் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்த்த பெண்கள், தாம் பெற்ற பிள்ளைகளைக் கடிதத்தில் வளர்த்த காலம் அது. மறைப்பணிக் குடும்பங்களின் கணக்கேடுகளில் பள்ளிகளின் எண்ணிக்கை இருக்கும். ஆலயங்களின் எண்ணிக்கை இருக்கும். இந்தப் பிரிவுகளுக்கு அங்கு பத்தி இல்லை.

கால்டுவெல் தம்பதியர்க்கு மக்கள் எழுவர். மகள் இசபெல்லா, வையட் என்னும் மிஷனரியை மணந்து இந்நாட்டிலேயே பெண்களிடையே பணியாற்றினார். மாமனாரின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் நூலாக்கியவர் அந்த மருமகனே. மார்த்தா, எலிசா, இசபெல்லா என மூன்று தலைமுறைப் பெண்கள் இந்த மண்ணில் உழைத்திருக்கிறார்கள். மார்த்தாவும் அவர் கணவரும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 1850-களின் நடுவில் இங்கிலாந்து திரும்பினர். கணவர் 1858-இலும் மார்த்தா 1870-இலும் அங்கே காலமாயினர். மார்த்தாவுக்கு அது தாயகம் திரும்புதல். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவருக்குத் தாயகமும் பழகிக்கொள்ள வேண்டிய ஊராகத்தானே இருந்திருக்கும்? எலிசாவின் நிலையோ வேறு. அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில்; பெற்றோர் 'வீடு' என்று சொன்ன நாடு அவருக்குக் கேள்விப்பட்ட நாடு. குடிபெயர்ந்த பெற்றோரின் நினைவில் உள்ள ஊருக்கும், பிள்ளைகளின் காலடியில் உள்ள ஊருக்கும் இடையே நிகழும் இந்த இழுபறி ஆங்கிலேயர்க்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கும், மலாயாவின் தோட்டங்களுக்கும், நேட்டாலின் கரும்புக் கொல்லைகளுக்கும் அதே நூற்றாண்டில் கப்பலேறிய நம்மவர்க்கும் அது நேர்ந்தது. அவர்களுக்குப் பங்களாவும் அரசியின் கொடையும் வாய்க்கவில்லை என்பதே வேற்றுமை.

1891 ஜனவரி இறுதியில் கால்டுவெல் ஆயர் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றுக் கோடைக்கானல் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 28-இல் அங்கு உயிர் நீத்தார். மலையிலேயே அடக்கம் செய்திருக்கலாம். அவருடைய உடல் மலையிறங்கிச் சமவெளி கடந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் கட்டிய ஆலயத்தின் உள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். எட்டாண்டுகளுக்குப் பின் 1899-இல் எலிசாவும் மறைந்து, அவ்வாலயத்திலேயே அடக்கமானார். உயிரோடிருந்தவரை அவருடைய உடல் தாங்காத வெப்பத்தின் நடுவே, அந்தச் செம்மண் இருவரையும் ஏற்றுக்கொண்டது.

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எடுத்தோம். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-இல் நினைவில்லம் ஆக்கியது. நினைவில்லம் என்ற சொல்லில் இல்லம் இருக்கிறது. அந்த இல்லத்துக்குள் நுழைபவர்கள் ஒப்பிலக்கணத்தை எழுதிய கையை நினைப்பார்கள், அது தகும். ரேந்தைத் திண்டின்முன் ஊர்ப்பெண்களோடு அமர்ந்து, அவர்கள் தமிழிலேயே அவர்களோடு பேசிய பெண்ணையும் அவர்கள் நினைக்கவேண்டும். கடற்கரைச் சிலை தனியே நிற்கிறது. இடையன்குடியில் அவர்கள் இருவரும் அருகருகே இருக்கிறார்கள்.